எடையும் காட்டமும்: உதிரிப் புகையிலை வணிகத்தின் கதை

சங்கத்தின் ஐம்பதாம் ஆண்டு மலரில் முன்னோர் செய்த தொழில்களைப் பற்றிப் பலரும் எழுதுவார்கள். நாணய மாற்று, துணிக்கடை, மசாலைப் பொருள், சாப்பாட்டுக்கடை, புத்தகக்கடை என்று அந்தப் பட்டியல் நீளும். அதில் பெரும்பாலும் விடுபட்டுப்போகும் சரக்கு ஒன்று உண்டு. அது புகையிலை.

அஞ்சடியில் ஒட்டுக்கடை வைத்திருந்த நம் பெரியவர்கள் வெற்றிலை, பாக்கு, மிட்டாய், பத்திரிகை ஆகியவற்றோடு பீடி, சிகரெட், புகையிலையையும் விற்றார்கள். பல வீடுகளில் பிள்ளைகளின் படிப்புச் செலவும் ஊருக்குப் போன மணியார்டரும் அந்த வருமானத்திலிருந்துதான் வந்தன. இன்று அதைச் சொல்லத் தயங்குகிறோம். தயக்கத்துக்குத் தக்க காரணமும் இருக்கிறது. ஆனாலும் சொல்லாமல் விட்டால் நம் வணிக வரலாறு பாதியாகத்தான் நிற்கும்.

மசாலைப் பொருள்களை எடைபோட்டு விற்கும் எனக்கு இதில் ஒரு கேள்வி நெடுநாளாக உண்டு. பெட்டியும் பெயரும் இல்லாமல், குவியலிலிருந்து அள்ளி எடைபோட்டுத் தந்த புகையிலையை வாங்கியவர் எதைப் பார்த்து விலையை மதிப்பிட்டார்? காட்டத்தையா, மணத்தையா, எடையையா? இந்தக் கேள்விக்குப் பதில் தேட வேண்டுமானால், நம் கடைத்தெருவுக்கு வருமுன் அமெரிக்காவுக்கும் இங்கிலாந்துக்கும் போய்வர வேண்டும்.

காட்டமான இலை தோற்ற இடம்

ஆங்கிலேயர் வர்ஜீனியாவில் குடியேறியபோது அங்கே பழங்குடி மக்கள் ஒருவகைப் புகையிலையைப் பயிரிட்டு வந்தார்கள். அது மிகுந்த காட்டமும் கரகரப்பும் கொண்டது. இங்கிலாந்துக்காரர்கள் அதை விரும்பவில்லை. ஸ்பானியரின் குடியேற்றங்களிலிருந்து வந்த, மணமும் மென்மையும் உள்ள இலைக்கே அங்கே கிராக்கி. 1612இல் ஜான் ரால்ஃப் என்பவர் அந்த வகையை வர்ஜீனியாவில் பயிரிட்டுப் பார்த்தார். சில ஆண்டுகளில் அந்தக் குடியேற்றத்தின் பிழைப்பே புகையிலை என்றாகிவிட்டது.

1619இல் கூடிய வர்ஜீனியாவின் முதல் சட்டமன்றம் புகையிலைக்கு இரண்டு தர விலைகளை நிர்ணயித்தது. முதல்தரம் ராத்தலுக்கு 3 ஷில்லிங். இரண்டாம்தரம் 18 பென்ஸ், அதாவது சரிபாதி. பிறகு எல்லோரும் பயிரிட்டதால் சரக்கு குவிந்தது. 1630 வாக்கில் ராத்தல் ஒரு பென்னிக்கும் கீழே விழுந்தது. (‘ராத்தல்’ என்ற சொல்லே ‘ரத்ல்’ என்ற அரபுச் சொல்லிலிருந்து தமிழுக்கு வந்தது.)

விலையை ஏற்றிய இன்னொரு கை அரசாங்கத்துடையது. 1604இல் இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸ் புகையிலையைக் கண்டித்து நூல் எழுதினார். அதே ஆண்டில் ராத்தலுக்கு 2 பென்ஸாக இருந்த இறக்குமதி வரியை 6 ஷில்லிங் 10 பென்ஸாக உயர்த்தினார். இது நாற்பது மடங்குக்கும் மேல். புகையிலையின் விலை செடியாலும் மண்ணாலும் மட்டும் தீர்மானிக்கப்படும் காலம் அத்தோடு முடிந்தது.

நெடி வேறு, காட்டம் வேறு

பைப் பிடிப்பவர்கள், அதாவது சுங்கானில் புகைப்பவர்கள், உதிரிப் புகையிலையை நிறுத்து வாங்கிக் கலவைகளை ஒப்பிட்டுப் பேசுவது பழைய வழக்கம். இந்தக் கலவை எவ்வளவு காட்டம், இந்த விலைக்குத் தகுமா என்பதுதான் பேச்சு. பார்வைக்கு எளிதாகத் தெரியும் இந்த ஒப்பீடு உண்மையில் மிகவும் ஏமாற்றக்கூடியது.

‘லத்தாக்கியா’ என்ற இலையை எடுத்துக்கொள்வோம். சிரியாவின் துறைமுக நகரின் பெயரைத் தாங்கியது. பிற்காலத்தில் சைப்ரஸிலும் செய்யப்பட்டது. இலையை விறகுப் புகையில் பதப்படுத்துவதால் கறுத்துப்போய், அடுப்படி நெடி வீசும். முதன்முறை முகர்பவர் இதைப்போல் காட்டமானது இல்லை என்றுதான் நினைப்பார். ஆனால் அதில் நிக்கோட்டின் குறைவு. மாறாக, இங்கிலாந்தின் வடபகுதித் தொழிலாளிகள் வாங்கிய கயிறு போல் முறுக்கிய கறுப்புப் புகையிலையில் காட்டம் அதிகம், விலையோ மலிவு. சுரங்கத்துக்குள் நெருப்புக்குத் தடை என்பதால் சுரங்கத் தொழிலாளிகள் அதைத் துண்டாக்கி மென்றார்கள்.

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், செயின்ட் ஜேம்ஸ் என்ற சிறு வட்டாரத்தில் விளையும் ‘பெரிக்’ புகையிலை மூன்றாவது வகை. பீப்பாய்க்குள் அழுத்தி மாதக்கணக்கில் புளிக்கவைக்கிறார்கள். அது காட்டமும் கூடியது, விலையும் கூடியது. ஆனால் விலை காட்டத்துக்காக அல்ல. விளையும் இடம் சிறிது, வேலை பெரிது என்பதற்காக. அதனால்தான் கலவையில் அதைக் கறிக்கு மிளகு போடுவதுபோல் சிறிதளவே சேர்ப்பார்கள்.

ஆக, மணத்துக்கும் உழைப்புக்கும் அரிதாகக் கிடைப்பதற்கும்தான் விலை இருந்தது. காட்டத்துக்கு என்று தனி விலை இருந்ததில்லை. ஏழைத் தொழிலாளி இதை நன்றாகவே அறிந்திருந்தார். ராத்தல் என்ன விலை என்று அவர் கேட்கவில்லை. ஓர் அவுன்ஸ் எத்தனை நாளைக்கு வரும் என்று கணக்குப் பார்த்தார். நல்ல காரமான மிளகாய்த்தூள் வாங்கும் வீட்டம்மாள் போடும் அதே கணக்கு.

பலதுறைத் தொழிற்கல்லூரியில் வேதியியல் படித்தபோது இதற்கு இன்னொரு விளக்கமும் கிடைத்தது. சூட்டறையில் பதப்படுத்தும் வர்ஜீனியா இலையில் சர்க்கரை மிகுதி. அதன் புகை அமிலத்தன்மை கொண்டது. காற்றிலும் விறகு நெருப்பிலும் பதப்படுத்தும் பல இலைகளின் புகை காரத்தன்மை கொண்டது. காரத்தன்மையுள்ள புகையில் இருக்கும் நிக்கோட்டின் வாயின் உட்தோல் வழியாகவே இரத்தத்தில் கலந்துவிடும். பைப் புகையை நெஞ்சுக்குள் இழுப்பதில்லை, அதனால் தீங்கில்லை என்று பலர் நினைத்தது இதனால்தான் தவறு. நெஞ்சுக்குள் இழுக்காவிட்டாலும் அந்தப் புகை வாயிலும் தொண்டையிலும் புற்றுநோயை உண்டாக்கக்கூடும்.

தண்ணீருக்கும் விலை

எடைக்கு விற்கும் எந்தச் சரக்கிலும் முதல் சந்தேகம் ஈரம்தான். உலர்ந்த இலை பொடிந்துவிடும் என்பதால் புகையிலையில் ஈரம் இருந்தே ஆக வேண்டும். அந்த ஈரம் அளவு மீறினால், வாங்குபவர் புகையிலை விலைக்குத் தண்ணீர் வாங்குகிறார். சர்க்கரைப் பாகு, வெல்லப்பாகு சேர்த்தும் எடையைக் கூட்டலாம்.

இங்கிலாந்தில் வரியும் எடைக்கே விதிக்கப்பட்டதால் இது அரசாங்கத்துக்கும் கவலையானது. 1842இல் கலப்படத்தைத் தடுக்கச் சட்டம் வந்தது. பிற்பாடு புகையிலையில் எத்தனை விழுக்காடு ஈரம் இருக்கலாம் என்பதற்கும் உச்சவரம்பு வந்தது. நம் தமிழ்நாட்டிலும் மெல்லும் புகையிலையைக் கருப்பட்டி, வெல்லம் கரைத்த நீர் தெளித்துப் பாடம் செய்வார்கள். அது சரக்குக்குச் சுவையூட்டும் முறை. எடை கூட்டும் தந்திரமாகவும் அது மாறக்கூடும். இரண்டுக்கும் இடையிலான கோட்டைக் காத்தது விற்பவரின் நேர்மை மட்டுமே.

நம் அஞ்சடியில்

இனி நம் ஊருக்கு வருவோம். சிங்கப்பூரின் பழைய கடைத்தெருக்களில் ஒவ்வொரு சமூகத்துக்கும் ஒரு புகையிலை இருந்தது. மலாய்க்காரரும் ஜாவாக்காரரும் நன்றாக மெல்லியதாகச் சீவிய ஜாவாப் புகையிலையை நிப்பா ஓலையில் சுருட்டிப் புகைத்தார்கள். சீனர்கள் ‘ஆங் ஹூன்’ என்ற சிவந்த, நூல்போன்ற புகையிலையைக் காகிதத்தில் சுருட்டினார்கள். நம்மவர்களுக்குப் பீடியும் வெற்றிலையோடு போடும் புகையிலையும். வெள்ளைக்காரத் துரைமார்களுக்கு டப்பாவில் அடைத்த பைப் புகையிலை.

எடை அளவும் கலவைதான். டாச்சிங் என்ற தூக்குக்கோலில் காத்தியும் தாஹிலும். பதினாறு தாஹில் ஒரு காத்தி, ஏறத்தாழ 605 கிராம். ஒரு தாஹில் 38 கிராமுக்குச் சற்றுக் குறைவு. டப்பாக்களிலோ அவுன்ஸ் கணக்கு. 1970களில் கிலோவும் கிராமும் வந்தபோது, இந்த மூன்று கணக்கையும் மனத்திலேயே மாற்றிச் சொன்னவர்கள் நம் கடைக்காரர்கள்.

என் பாட்டனார் கடையில் புகையிலைக் கட்டைப் பிரித்து, ஒரு சிட்டிகையை வாடிக்கையாளர் கையில் வைப்பாராம். கசக்கிப் பார்த்து, முகர்ந்து பார்த்த பிறகே எடை. போன வாரச் சரக்கைவிட இது காட்டமா என்று கேட்டால், உள்ளதைச் சொல்ல வேண்டும். பொய் சொன்னால் மறுநாள் அந்த ஆள் நான்கு கடை தள்ளிப் போய்விடுவார். பெயர் பொறித்த பெட்டி இல்லாத சரக்குக்கு விற்பவரின் வாக்குதான் முத்திரை.

பீடிக்கு நம்மோடு இன்னும் நெருங்கிய உறவு உண்டு. கடையநல்லூர், தென்காசி, மேலப்பாளையம் வட்டாரங்களில் எத்தனையோ முஸ்லிம் பெண்கள் வீட்டிலிருந்தபடியே பீடி சுற்றிக் குடும்பத்தைக் காத்தார்கள். இங்கே ஆண்கள் விற்க, அங்கே பெண்கள் சுற்றினார்கள். புகையிலைத் தூசியை நாள் முழுவதும் சுவாசித்த அந்தத் தாய்மார்களின் உழைப்பும் இந்தக் கணக்கில் சேர வேண்டும்.

பெயர் மாறினால் வரி மாறும்

நீரிணைக் குடியேற்றங்களில் புகையிலை வரி 1916இல், முதல் உலகப் போர்க்காலத்தில் வந்தது. அன்றுமுதல் இன்றுவரை வரி எண்ணிக்கைக்கோ எடைக்கோதான், காட்டத்துக்கு அல்ல. 2023 வரவுசெலவுத் திட்டத்தில் சிங்கப்பூரில் சிகரெட் வரி ஒன்றுக்கு 49.1 காசாக உயர்ந்தது. அப்போது இருபது கொண்ட ஒரு பெட்டிக்கு வரி மட்டும் 9 வெள்ளி 82 காசாக இருந்தது. பீடிக்கும் ஆங் ஹூனுக்கும் கிலோ கணக்கில் வரி.

வரி எப்படி விலையையும் பெயரையும் ஆட்டிவைக்கும் என்பதற்கு அமெரிக்காவின் 2009ஆம் ஆண்டு நல்ல பாடம். அதுவரை பைப் புகையிலைக்கும், சிகரெட் சுருட்டும் உதிரிப் புகையிலைக்கும் கூட்டரசு வரி ஒன்றே. ராத்தலுக்கு ஒரு டாலர் பத்துக் காசு அளவு. அந்த ஆண்டு சுருட்டும் புகையிலைக்கு 24.78 டாலராகவும், பைப் புகையிலைக்கு 2.83 டாலராகவும் வரி உயர்ந்தது. உடனே பல உற்பத்தியாளர்கள் அதே போன்ற சரக்கைப் பைகளில் அடைத்து ‘பைப் புகையிலை’ என்று பெயர் மாற்றினார்கள். 2009 தொடக்கத்தில் மாதம் ஏறத்தாழ 240,000 ராத்தலாக இருந்த பைப் புகையிலை விற்பனை, 2011இல் 30 லட்சம் ராத்தலைத் தாண்டியது. அத்தனை பேர் திடீரென்று பைப் வாங்கிவிடவில்லை. அட்டைப் பெயர்தான் மாறியது. மலிவான உதிரிச் சரக்கைத் தேடிய ஏழைகள்தான் அதன் வாடிக்கையாளர்கள்.

மார்க்கமும் மருத்துவமும்

புகையிலை முஸ்லிம் நாடுகளுக்கு வந்த நாளிலிருந்தே விவாதம் தொடங்கிவிட்டது. 1604 வாக்கில் அசத் பேக் என்பவர் பீஜப்பூரிலிருந்து அக்பரின் அவைக்குப் புகையிலையும் பைப்பும் கொண்டுவந்தபோது அரண்மனை மருத்துவர் ஆட்சேபித்தார். 1633இல் உதுமானிய சுல்தான் நான்காம் முராத் கடுந்தண்டனையுடன் தடை விதித்தார். டமாஸ்கஸ் அறிஞர் அப்துல் கனி அந்நாபுலுசி அது ஆகுமானது என்று நூல் எழுதினார்.

அன்றைய அறிஞர்களுக்குப் புற்றுநோய் பற்றிய ஆய்வுகள் இல்லை. இன்று இருக்கின்றன. புகையிலையால் உலகில் ஆண்டுதோறும் 70 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறக்கிறார்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. மலேசியாவின் தேசிய ஃபத்வா மன்றம் 1995இல் புகைபிடிப்பதை ஹராம் என்று அறிவித்தது. சிங்கப்பூரில் 2017 ஆகஸ்ட் முதல் கடைகளில் புகையிலைப் பொருள்களைப் பார்வைக்கு வைக்க முடியாது. 2021 முதல் 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு விற்க முடியாது. என் பாட்டனாரும் பீடி பிடித்தவர்தான். கடைசி ஆண்டுகளை மூச்சுத்திணறலோடு கழித்தார். என் தந்தை கடையை எடுத்து நடத்தத் தொடங்கியதும் புகையிலையை நிறுத்திவிட்டு மசாலைக்கு மாறினார். அதில் எனக்கு மறுபேச்சே கிடையாது.

அப்படியென்றால் இந்த வரலாற்றில் நாம் எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது? சரக்கை விட்டுவிடலாம். அதை நிறுத்துக் கொடுத்த முறையை விட வேண்டியதில்லை. அளவிலும் நிறுவையிலும் குறைசெய்வோரைக் கண்டிக்கத் திருக்குர்ஆனில் ‘அல்முதஃப்பிஃபீன்’ என்று ஓர் அத்தியாயமே இருக்கிறது. மணம், காட்டம், ஈரம் எதையும் வாங்குபவர் கண்ணால் பார்த்து அறிய முடியாத ஒரு சரக்கில், நம் பெரியவர்கள் பெரும்பாலோர் அந்தக் கட்டளையைக் காத்து நின்றார்கள். அதனால்தான் அடுத்த தலைமுறை வேறு சரக்குக்கு மாறியபோதும் வாடிக்கையாளர்கள் கூடவே வந்தார்கள்.

உறுப்பினர் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில் பழைய டாச்சிங், கணக்குப் புத்தகம், கடைப் பலகை, ஒட்டுக்கடைப் படம் ஏதேனும் இருந்தால் தூக்கி எறியாதீர்கள். அஞ்சடியில் உட்கார்ந்து விற்ற பெரியவர்கள் இன்னும் சிலர் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் விற்றது எது, என்ன விலை, யார் வாங்கினார்கள் என்று இப்போதே கேட்டு எழுதி வையுங்கள். அடுத்த மலரை எழுதப்போகும் பிள்ளைகளுக்கு அது தேவைப்படும், இன்ஷா அல்லாஹ்.