மயில்கழுத்து

தேவிகாபுரம் போன்ற ஆரணிப் பட்டு ஊர்களில், நீலமா பச்சையா என்று கண் தடுமாறும் புடவைக்கு மயில்கழுத்து என்று பெயர். நீள நூலான பாவு ஒரு நிறம், குறுக்கு நூலான ஊடை வேறு நிறம். மடிப்பு திரும்பினால் ஒன்று ஒளிந்து மற்றது மேலே வரும். தெலுங்கில் இது நெமலி கண்டம், வங்காளத்தில் மயூர்கண்டி.

தமிழ், மயிலின் பின்புறத்துக்குத்தான் சொற்களை அள்ளிக் கொடுத்திருக்கிறது: தோகை, பீலி, கலாபம். நிறத்துக்குப் பெயர் வைத்தவர்கள் மட்டும் ஏன் கழுத்துக்குப் போனார்கள்? பறவையைப் பார்த்தால் காரணம் தெரிகிறது. தோகை என்பது வாலே அல்ல, வாலை மூடும் மேலிறகுகள் நீண்டு வளர்ந்தவை. நிஜ வால் பழுப்பாக, குட்டையாக அடியில் நின்று அதைத் தாங்குகிறது. இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் தோகை உதிர்ந்துவிடும். கழுத்தின் நீலமோ ஆண்டு முழுக்க இருக்கும். தோகையே இல்லாத பெட்டைக்கும் கழுத்தின் அடியில் பச்சை மினுங்கும்.

அந்தப் பெட்டைக்கு அளகு என்ற பெயரைத் தொல்காப்பிய மரபியல் அனுமதிக்கிறது. ஆணுக்குப் போத்து. மற்றப் பறவைகளின் ஆணுக்கெல்லாம் பொருந்தும் ‘சேவல்’ மயிலுக்கு மட்டும் ஆகாது என்று அது விலக்கி வைக்கிறது. எவ்வளவு கூர்ந்து பார்த்த மரபு!

இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்தது. மயிலின் கழுத்தில் நீலச் சாயமே கிடையாது. கறுப்பு நிறமியான மெலனின் நுண்குச்சிகள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்க, அவற்றில் பட்ட ஒளிதான் நீலமாகத் திரும்புகிறது. சீன ஆய்வாளர்கள் 2003இல் தோகை இறகுகளில் இத்தகைய அமைப்பை விளக்கினார்கள். நெசவாளி அதே மினுக்கத்தை இரண்டு சாயநூல்களால் வரவழைக்கிறார். வழி வேறு, ஆனால் இரண்டிலும் பார்க்கும் கோணம் மாறினால் நிறம் மாறுகிறது. அந்த மாற்றத்தையே பெயராக்கியது இந்தச் சொல்.

இப்போது கடைகளில் ‘பீகாக் ப்ளூ’ என்கிறார்கள். அது ஒற்றை நீலத்தின் பெயர், இந்தப் புடவையில் பாதியைத்தான் சொல்லும். பட்டு எடுக்கப் போகிறவர்கள் மயில்கழுத்து என்றே கேளுங்கள்.