ஓர் அங்குல இடைவெளியின் வரலாறு

ஒன்றின் கீழே மற்றொன்று இடிபடாமல் செல்ல வேண்டும் என்பதைப் பாம்பன் கரையில் வாழ்கிறவர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. 1914ஆம் ஆண்டு பிப்ரவரியில் திறக்கப்பட்ட பழைய ரயில் பாலம் நீர்மட்டத்துக்கு அருகே தாழ்வாக அமைந்தது. ஆதலால் கப்பல் வரும்போது அதன் நடுவிலுள்ள ஷெர்சர் தூக்குப்பாலத்தின் இரு கைகளும் மேலெழுந்து வழிவிட்டன. 1988 அக்டோபர் 2ஆம் நாள் திறக்கப்பட்ட சாலைப் பாலமோ அசைவதில்லை. நடுவே உயர்ந்து நிற்பதால் படகுகள் அதன் கீழே போய்வருகின்றன. 2025 ஏப்ரல் 6ஆம் நாள் திறக்கப்பட்ட புதிய ரயில் பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி 17 மீட்டர் உயரத்துக்குச் செங்குத்தாக மேலே ஏறுகிறது. மேலே இருப்பதற்கும் கீழே வருவதற்கும் நடுவில் எவ்வளவு இடம் வேண்டும் என்ற ஒரே வினாவுக்கு, ஒரே கடலில், நூற்றுப் பத்து ஆண்டுகளில் எழுதப்பட்ட மூன்று விடைகள் இவை.

இதே வினா ஒரு பழைய காரின் பானட்டுக்குள்ளும் இருக்கிறது என்பதுதான் இக்கட்டுரையின் பொருள். அங்கே இடைவெளி மீட்டரில் இல்லை, அங்குலத்தில் இருக்கிறது. ஆனால் வினாவின் கடுமை குறைந்ததன்று.

1988இல் சாலைப் பாலம் வந்த பிறகுதான் இராமநாதபுரத்திலிருந்தோ மதுரையிலிருந்தோ புறப்பட்ட கார் சாலை வழியாகவே தீவுக்குள் சென்று இராமேசுவரம் கோயில் அருகே நிற்க முடிந்தது. அவ்வாறு யாத்திரிகர்களைச் சுமந்து வந்த வாடகைக் கார்களில் அம்பாசிடருக்குத் தனி இடம் உண்டு. இன்று அவை அருகிவிட்டன. எஞ்சியிருக்கும் சிலவற்றை வைத்திருப்போர் அவற்றுக்குப் புத்துயிர் ஊட்ட விரும்புகின்றனர். அப்படிப்பட்ட நண்பர் ஒருவர் தம் பழைய பெட்ரோல் வண்டிக்கு வேறு இன்டேக் மேனிஃபோல்டும் பெரிய கார்புரேட்டரும் வாங்கிவிட்டார். பொருத்திப் பார்த்ததில் ஏர் கிளீனர் பானட்டை முட்டியது. பானட்டில் துளை வெட்டி மேலே ஒரு புடைப்பு வைத்துவிடலாம் என்பது அவர் எண்ணம். பட்டறைக்காரர் உடன்படவில்லை. "வெட்டுறது அஞ்சு நிமிஷ சோலி சார். வெட்டினதை ஒட்ட வைக்க இந்தத் தகரம் இனிமே எங்க கிடைக்கும்?" என்று என்னிடம் கேட்டார். அந்தக் கேள்வியே என்னை இந்த வரலாற்றுக்குள் இழுத்துச் சென்றது.

அம்பாசிடரின் பானட்டுக்குக் கீழே என்னென்ன வந்து போயின என்பதைப் பார்த்தால் அந்த வண்டியின் வரலாறே விளங்கும். பிர்லா குழுமத்தின் இந்துஸ்தான் மோட்டார்ஸ், இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரின் வடிவத்தைப் பெற்று, 1950களின் பிற்பகுதியில் வங்காளத்தின் உத்தர்பாராவில் அம்பாசிடரை உருவாக்கியது. தொடக்கத்தில் அதில் இருந்தது 1476 சி.சி. சைடு வால்வு எஞ்சின். வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில் அமைந்த வகை அது. ஆகவே மேல்தலை தட்டையாகவும் உயரம் குறைவாகவும் இருக்கும். 1959இல் அதன் இடத்துக்கு 1489 சி.சி. ஓவர்ஹெட் வால்வு எஞ்சின் வந்தது. வால்வுகள் தலைக்கு ஏறின. அவற்றை இயக்கும் ராக்கர்களும் ராக்கர் மூடியும் மேலே அமர்ந்தன. எஞ்சின் உயர்ந்தது. பானட் அப்படியே இருந்தது. இங்கிலாந்தில் அந்த உடலை வரைந்தபோதே இந்த உயர்ந்த எஞ்சினை மனத்தில் வைத்துத்தான் வரைந்தார்கள். இந்தியாவில்தான் சில காலம் பெரிய வீட்டில் சிறிய குடித்தனம் இருந்தது.

அதன் பின்னர் 1979-80 அளவில் அதே 1489 சி.சி. குடும்பத்தைச் சேர்ந்த டீசல் எஞ்சின் வந்தது. கார்புரேட்டர் தேவைப்படாத அந்த எஞ்சின் வாடகை வண்டிக்காரர்களுக்கு வரமாக அமைந்தது. 1990களின் முற்பகுதியில் ஜப்பானிய இசுசு நிறுவனத்தின் 1.8 லிட்டர் எஞ்சினும் இதே பானட்டுக்குள் குடியேறியது. 2014 மே மாதம் உத்தர்பாராவில் உற்பத்தி நின்றது. முகப்பும் விளக்குகளும் சிறிது சிறிதாக மாறினவே தவிர, எஞ்சினை மாற்றிய ஒவ்வொரு முறையும் அது அந்தப் பழைய மூடிக்குள் அடங்க வேண்டியிருந்தது. உள்ளே வந்தவை மூடிக்கு அடங்கினவேயன்றி, மூடி அவற்றுக்காக உருமாறவில்லை.

இனி மேனிஃபோல்டுக்கு வருவோம். கார்புரேட்டரில் கலந்த காற்றையும் பெட்ரோலையும் ஒவ்வொரு சிலிண்டரின் வாயிலுக்கும் பிரித்துக் கொண்டு செல்லும் குழாய்த் தொகுதியே இன்டேக் மேனிஃபோல்டு. கார்புரேட்டர் பக்கவாட்டில் படுத்திருக்கும் வகையானால் மேலே அதிக இடம் கேட்காது. மேலிருந்து கீழே காற்றை இழுக்கும் வகையானால் மேனிஃபோல்டின் மேல் கார்புரேட்டரும், அதன் மேல் ஏர் கிளீனரும் மாடிமேல் மாடியாக ஏறும். குழாய்கள் நீண்டு, வளைவு குறைந்து, நேராக இறங்கினால் வேகமான ஓட்டத்தில் காற்று நன்றாகப் புகும் என்பதால், கூடுதல் ஆற்றலுக்காகச் செய்யப்படும் மேனிஃபோல்டுகள் பல உயரமாகவே இருக்கின்றன. ஆற்றலுக்குக் கொடுக்கும் விலை உயரம். அந்த உயரத்தைப் பானட் பொறுக்குமா என்பதே சிக்கல்.

தமிழ் படித்தவனுக்கு இந்த இடத்தில் நன்னூல் நினைவுக்கு வருவது இயல்பு. நிலைமொழியோடு வருமொழி சேரும்போது மாற்றமின்றிச் சேர்ந்தால் இயல்பு புணர்ச்சி. மாற்றம் நேர்ந்தால் விகாரம். அது தோன்றல், திரிதல், கெடுதல் என மூவகைப்படும். பழைய காரை நிலைமொழியாகவும் புதிய உறுப்பை வருமொழியாகவும் கொண்டால், உலகக் கார் வரலாற்றில் இந்த நான்குக்கும் எடுத்துக்காட்டு உண்டு.

தோன்றலுக்கு 1967இல் வந்த எம்.ஜி.சி. கார் சான்று. எம்.ஜி.பி. என்ற சிறிய விளையாட்டுக் காரின் உடலில் 2912 சி.சி. ஆறு சிலிண்டர் எஞ்சினை வைத்தார்கள். இடம் போதவில்லை. பானட்டில் அகன்ற புடைப்பு ஒன்று தோன்றியது. அதுவும் போதாமல் கார்புரேட்டருக்காகக் கண்ணீர்த்துளி வடிவில் இன்னொரு சிறு புடைப்பும் தோன்றியது. திரிதலுக்கு 1954இன் மெர்சிடிஸ் 300 எஸ்.எல். சான்று. தாழ்ந்த மூடிக்குள் நெடிய ஆறு சிலிண்டர் எஞ்சின் நிற்காது என்பதால் அதையே 50 பாகை சாய்த்துப் படுக்க வைத்தார்கள். கெடுதலுக்குத் தனிச் சான்று தேட வேண்டியதில்லை. துளை வெட்டப்பட்டு, காற்றுவாய் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பானட்டுகள் எல்லா நாட்டிலும் உண்டு.

இயல்பு புணர்ச்சிக்கான சான்றுதான் நம் வினாவுக்கு மிக அண்மையானது. 1970களின் தொடக்கத்தில் கென் காஸ்டெல்லோ என்ற ஆங்கிலேயர், எம்.ஜி.பி. காரில் ரோவர் நிறுவனத்தின் 3.5 லிட்டர் வி8 எஞ்சினைப் பொருத்தி விற்றார். கார்புரேட்டர்கள் எஞ்சினின் உச்சியில் இருந்ததால் அவருடைய கார்களின் பானட்டில் புடைப்பு தேவைப்பட்டது. 1973இல் தொழிற்சாலையே அதே எஞ்சினோடு எம்.ஜி.பி. ஜி.டி. வி8 காரை வெளியிட்டபோது பானட்டில் எந்தப் புடைப்பும் இல்லை. அவர்கள் மாற்றியது மேனிஃபோல்டைத்தான். கார்புரேட்டர்கள் இரண்டையும் எஞ்சினின் உச்சியிலிருந்து இறக்கிப் பின்புறமாகக் கொண்டுபோகும் தனி மேனிஃபோல்டு ஒன்றைச் செய்தார்கள். அதே எஞ்சின், அதே உடல். ஒருவர் மூடியை மாற்றினார், மற்றவர் மூடிக்குக் கீழே இருந்ததை மாற்றினார். எம்.ஜி.பி.யில் முதலில் இருந்த நான்கு சிலிண்டர் எஞ்சினும் அம்பாசிடரின் 1489 சி.சி. எஞ்சினும் பி.எம்.சி. நிறுவனத்தின் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பது இங்கே குறிப்பிடத்தக்கது.

இந்தக் கதைக்குச் சென்னைக் கிளை ஒன்றும் இருக்கிறது. அந்த வி8 எஞ்சினைக் கருத்தில் கொண்டு 1976இல் இங்கிலாந்தில் வெளிவந்த ரோவர் எஸ்.டி.1 காரின் உடல், பின்னர் வண்டலூர் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனத்துக்கு வந்து, 1985இல் ஸ்டாண்டர்டு 2000 என்ற பெயரில் வெளியானது. ஆனால் உள்ளே வி8 இல்லை. பழைய ஸ்டாண்டர்டு வேன்கார்டு காலத்து மரபில் வந்த 1991 சி.சி. நான்கு சிலிண்டர் எஞ்சினே இருந்தது. மூடிக்குள் அடங்கிவிட்டது, ஆனால் அந்தக் கனமான உடலுக்கு அது ஈடு கொடுக்கவில்லை. சில ஆண்டுகளிலேயே உற்பத்தி நின்றது. இடத்தில் அடங்குவது வேறு, பொருந்துவது வேறு என்பதற்கு இதைவிட நல்ல பாடம் தமிழ்நாட்டில் இல்லை எனலாம்.

ஆகவே முதலில் அளக்க வேண்டும். அளக்கும் முறை எளியது. பழைய மேனிஃபோல்டைக் கழற்றும் முன்பே, எஞ்சின் தலையோடு அது சேரும் துளைகளின் மட்டத்திலிருந்து கார்புரேட்டர் அமரும் முகம் வரை உள்ள உயரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். புதியதிலும் அதே அளவை எடுத்தால், எவ்வளவு கூடுகிறது என்பது மேசைமேலேயே தெரிந்துவிடும். புதிய கார்புரேட்டரும் ஏர் கிளீனரும் தம் பங்குக்கு எவ்வளவு கூட்டுகின்றன என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பிறகு எஞ்சினில் பொருத்தி, ஏர் கிளீனரின் நடுமறையிலும் விளிம்பின் நான்கு புறங்களிலும் களிமண் உருண்டைகளை வைத்துப் பானட்டை மெல்ல இறக்க வேண்டும். தடுத்தால் அழுத்தக் கூடாது. தடுக்காவிட்டால் கொண்டி விழும்வரை இறக்கித் திறந்து, நசுங்கிய களிமண்ணின் கனத்தை அளக்க வேண்டும். அந்தக் கனமே இடைவெளி. பானட்டின் வெளித்தகட்டை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது; உட்புறச் சட்டங்கள் அதைவிடத் தாழ்ந்திருக்கும். பானட் முன்நோக்கிச் சரிவதால், பின்னே இடிக்காதது இரண்டு அங்குலம் முன்னே தள்ளியிருந்தால் இடிக்கும்.

நிற்கும் வண்டியில் கிடைத்த அளவு ஓடும் வண்டிக்குப் போதாது. எஞ்சின் ரப்பர் மவுண்டிங்குகளின் மேல் அமர்ந்திருக்கிறது. வேகத்தைக் கூட்டும்போது அது ஒரு பக்கமாகச் சாயும்; பள்ளத்தில் விழுந்தால் குதிக்கும். ரப்பர் நைந்திருந்தால் இன்னும் ஆடும். ஏறத்தாழ முக்கால் அங்குலம் முதல் ஓர் அங்குலம் வரை இடைவெளி விடுவது அதனால்தான். நண்பரின் வண்டியில் களிமண்ணுக்கே இடமில்லை.

இடம் போதாதபோது கைக்கு முதலில் வருவன குறுக்கு வழிகள். கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவிலுள்ள வெப்பத்தடுப்பு அடுக்கை எடுத்துவிட்டால் சிறிது இறங்கும். ஆனால் இந்த எஞ்சினில் உள்வாயிலும் புகைவாயிலும் ஒரே பக்கத்தில் உள்ளன. தடுப்பு இல்லையேல் சூடேறிக் கார்புரேட்டரிலேயே பெட்ரோல் கொதிக்கும். மே மாதத்தில் மண்டபம் சாலையில் வண்டி நின்றுபோக வேறு காரணம் வேண்டாம். ஏர் கிளீனரையே கழற்றிவிட்டால் உயரம் குறையும். நம் கடற்கரை மணல் நேராகச் சிலிண்டருக்குள் போகும். மிகத் தட்டையான ஏர் கிளீனர் வைத்தால் அதன் மூடி கார்புரேட்டரின் வாயை நெருங்கிக் காற்றைத் தடுக்கும். எதற்காக மேனிஃபோல்டை மாற்றினோமோ அந்தப் பயனே போய்விடும்.

பானட்டை வெட்டுவதோ இவை எல்லாவற்றிலும் மீள முடியாதது. வெட்டிய விளிம்பில் எவ்வளவு வண்ணம் பூசினாலும் உப்புக் காற்று அதை விட்டுவைக்காது. இந்தக் கரையில் துரு முதலில் தேடிவருவது வெட்டையும் ஒட்டையும்தான். கார்புரேட்டரையும் மேனிஃபோல்டையும் கழற்றி மீண்டும் பழையதை வைக்கலாம். மூடியை வெட்டினால் அந்த வழி அடைபட்டுவிடும். தொழிற்சாலை மூடியபின் எஞ்சியுள்ள ஒவ்வொரு நல்ல பானட்டும் இனிச் செய்யப்படாத பொருள்.

எம்.ஜி. தொழிற்சாலை 1973இல் கண்ட வழியே இதற்கும் வழி. மூடி அப்படியே இருக்கட்டும். உயரம் குறைந்த மேனிஃபோல்டையோ, பக்கவாட்டில் படுக்கும் கார்புரேட்டரையோ தேட வேண்டும். அம்பாசிடரின் 1489 சி.சி. எஞ்சினே 1955இல் வந்த எம்.ஜி.ஏ. என்ற தாழ்ந்த காரில் இரட்டைப் பக்கவாட்டுக் கார்புரேட்டர்களோடு ஓடியது என்பதை நண்பருக்குச் சொன்னேன். நம்முடைய உயர்ந்த பானட்டைவிட மிகத் தாழ்ந்த பானட்டுக்குள் அது அடங்கியிருக்கிறது. அவர் வாங்கிய மேனிஃபோல்டை வந்த விலைக்கு விற்றுவிட்டு, இப்போது பக்கவாட்டு வகை ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறார். பானட் இன்னும் வெட்டுப்படாமல் இருக்கிறது.