மடவைப் படகும் லிப்டன் கோப்பையும்

ஆக்லாந்து நகர மையத்திலிருந்து வைஹேக்கி தீவுக்குப் போகும் ஃபெரியில் உங்களில் பலர் ஏறியிருப்பீர்கள். அடியில் இரட்டை உடல் கொண்ட அந்த வகைப் படகை ஆங்கிலத்தில் 'கட்டமரான்' என்கிறார்கள். அது நம் 'கட்டுமரம்' என்ற சொல்லிலிருந்து போனது. அதே துறைமுகத்தில் இன்னொரு மீன்பிடிப் படகும் ஓடுகிறது. அதன் பெயர் 'மலட் போட்'. மலட் என்றால் மடவை மீன். நாம் அதை மடவைப் படகு என்றே சொல்வோம்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஹவுராக்கி வளைகுடா மீனவர்களுக்கு இரண்டு தேவைகள் இருந்தன. மடவை ஆழம் குறைந்த சேற்றுக் கழிகளில் வரும் மீன். அங்கே நுழைய, அடிப்பகுதி ஆழமாக இறங்காத படகு வேண்டும். பிடித்த மீனை ஈரச் சாக்கால் மூடி, கெடுவதற்குள் சந்தைக்குக் கொண்டுவர வேகமும் வேண்டும். இரண்டுக்கும் ஏற்றபடி கவுரி மரப் பலகையில் அகலமான படகு கட்டினார்கள். அதன் நடுவில் ஒரு பலகை இருக்கும். ஆழமான நீரில் அதை இறக்கினால் படகு பக்கவாட்டில் நழுவாது. கழிக்குள் போகும்போது மேலே தூக்கிவிடலாம். கடல் வற்றினால் படகு சேற்றிலேயே நிமிர்ந்து உட்காரும். அதற்கு மேலே பெரிய பாய். முதலில் சந்தைக்கு வருபவருக்கே நல்ல விலை என்பதால், வேலைநாள் ஒவ்வொன்றும் ஒரு போட்டிதான்.

பிறகு இயந்திரப் படகுகள் வந்தன. மீன்பிடியில் பாய்க்கு வேலை குறைந்தது. ஆனால் மடவைப் படகுகள் அழியவில்லை. பெரிய உல்லாசப் படகு வாங்க வசதியில்லாத தொழிலாளர்களும் எழுத்தர்களும் அவற்றை ஓட்டத் தொடங்கினார்கள். அன்று தொழிலாளர் பகுதியாக இருந்த பொன்சன்பியில் 1900இல் ஒரு படகுச் சங்கம் உருவானது. அந்தச் சங்கத்துக்கு வெள்ளிக் கோப்பை ஒன்றைக் கொடுத்தவர் சர் தாமஸ் லிப்டன். ஆம், தேநீர்ப் பொட்டலத்தில் இருக்கும் அதே லிப்டன்தான்! 22 அடி மடவைப் படகுகளுக்கான லிப்டன் கோப்பைப் போட்டி 1922இல் தொடங்கியது. இன்றும் நடக்கிறது.

லிப்டனுக்குப் படகுப் பந்தயத்தில் தீராத ஆசை. 1899 முதல் 1930 வரை ஐந்து முறை அமெரிக்கா கோப்பைக்குப் போட்டியிட்டு, ஐந்திலும் தோற்றார். அந்த ஆசைக்கு வேண்டிய பணம் எங்கிருந்து வந்தது? அவர் முதலில் மளிகைக் கடைகளால் பணக்காரர் ஆனவர். 1890இல் இலங்கை மலையகத்தில் தேயிலைத் தோட்டங்களை வாங்கி, மலிவான தேயிலையை உலகமெங்கும் விற்றார். அந்தத் தோட்டங்களில் கொழுந்து பறித்தவர்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்த தமிழர்கள். அவர்கள் இந்தக் கோப்பையைப் பார்த்ததில்லை. ஆனாலும் அதில் அவர்கள் உழைப்பும் இருக்கிறது.

இந்தப் படகுகளை ஓட்டுபவர்கள் சம்பளத்துக்கு வருவதில்லை. காற்று வரும் பக்க விளிம்பில் வரிசையாக உட்கார்ந்து, தங்கள் உடல் எடையாலேயே படகு சாயாமல் பிடிக்கிறார்கள். திசை திருப்பும்போது ஒருவர் சுக்கானைத் தள்ள, ஒருவர் முன்பாயின் கயிற்றை விட, மற்றவர்கள் குனிந்து மறுபக்கம் பாய வேண்டும். ஒருவர் தாமதித்தாலும் தண்ணீர் உள்ளே வரும். இதைப் புத்தகம் படித்துக் கற்க முடியாது. பழகியவர் பக்கத்தில் உட்கார்ந்துதான் கற்க வேண்டும்.

பாதுகாக்க வேண்டிய படகை எதற்குக் கடலில் ஓட்டிக் கஷ்டப்படுத்த வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். பலகைப் படகு தண்ணீரில் இருந்தால் மரம் ஊறிப் பருத்து இடுக்குகள் மூடிக்கொள்ளும். நெடுநாள் கரையில் கிடந்தால் மரம் காய்ந்து சுருங்கும், இடுக்குகள் திறக்கும். மறுபடி இறக்கினால் ஒழுகும். படகு மட்டுமல்ல, ஓட்டும் பழக்கமும் அப்படித்தான். ஆக்லாந்து கடல்சார் அருங்காட்சியகம்கூட 'டெட் ஆஷ்பி' என்ற பழைய பாணிச் சரக்குப் படகைக் கட்டி, தன்னார்வலர்களைக் கொண்டு ஓட்டுகிறது.

இனி நம் கட்டுமரத்துக்கு வருவோம். உண்மையான கட்டுமரத்துக்கு இரட்டை உடல் கிடையாது. லேசான மரக்கட்டைகளைக் கயிற்றால் சேர்த்துக் கட்டியது அது. அலை மேலே ஏறினாலும் தண்ணீர் இடுக்கு வழியாக வடிந்துவிடும். சோழமண்டலக் கரையின் பெரிய அலைகளைத் தாண்ட அதுவே ஏற்ற வடிவம். கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்துக் காயவைப்பார்கள். ஊறினால் கனக்கும் அல்லவா? பிறகு கண்ணாடியிழைப் படகுகள் வந்தன. 2004 சுனாமிக்குப் பிறகு அவை இன்னும் பெருகின. மீனவர்களைக் குறை சொல்ல முடியாது. இயந்திரம் பூட்டிய படகில் தூரம் போகலாம், அதிக மீன் கொண்டுவரலாம். இன்று கட்டுமரம் அரிதாகிவிட்டது.

ஆக்லாந்து மீனவரின் படகுக்கு வேலை போனபோது, அதை விளையாட்டாக எடுத்து ஓட்ட ஒரு கூட்டமும் ஒரு கோப்பையும் இருந்தன. நம் கட்டுமரத்துக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. அதன் பெயர் மட்டும் உலகத் துறைமுகங்களுக்கெல்லாம் போய்விட்டது.

ஜனவரி கடைசியில் ஆக்லாந்து ஆண்டுவிழாப் படகுப் பந்தயம் நடக்கும்போது கரைக்குப் போய்ப் பாருங்கள். அடுத்த முறை ஊருக்குப் போனால், மெரினாவிலோ நாகப்பட்டினத்திலோ ஒரு முதிய மீனவரிடம் கட்டுமரம் எப்படிக் கட்டுவது என்று கேளுங்கள். கட்டத் தெரிந்த கைகள் இன்னும் சில இருக்கின்றன.