எளிமையின் இரு வரலாறுகள்: ஸ்காண்டிநேவிய மழலையர் கற்றல் வெளிகள்

மழலையர் கல்விக்கூட அமைப்பைப் பற்றிய இன்றைய பேச்சில் 'ஸ்காண்டிநேவிய எளிமை' என்னும் தொடர் பெரிதும் வழங்குகிறது. வெண்சுவர், வெளிர்நிற மரத் தளவாடங்கள், அளவாக வைக்கப்பட்ட விளையாட்டுப் பொருள்கள் ஆகியவை அதன் அடையாளங்களாகக் கொள்ளப்படுகின்றன. ஆயின் அவ்வெளிமை உருவான காலத்து வரலாற்றை நோக்கின், வறியோர் வாழிடம் பற்றிய கேள்வியே அதன் அடியில் இருந்தமை புலனாகும்.

சுவீடன் நாட்டுச் சிந்தனையாளர் எல்லன் கெய் 1899இல் 'அனைவருக்கும் அழகு' என்னும் நூலை வெளியிட்டார். பொருள்களை நிறைத்து வைப்பது அழகாகாது. தன் பயனைச் செவ்வனே ஆற்றும் பொருளே அழகுடையது. ஆதலின் அழகு செல்வர்க்கு மட்டும் உரியதன்று என்பது அவர் வாதம். அவ்வாண்டிலேயே ஓவியர் கார்ல் லார்சன் தம் சுந்த்போர்ன் இல்லத்தைச் சித்திரித்த 'ஒரு வீடு' என்னும் ஓவியத் தொகுதியும் வெளிவந்தது. சுவீடிய எளிமையின் முன்மாதிரியாகப் போற்றப்படும் அவ்வில்லம் செம்மையும் பசுமையும் ததும்புவது. கரின் லார்சனின் நெசவுத் துணிகள் அதற்கு மேலும் வண்ணம் கூட்டின. வெளிர்நிறத்தையே இம்மரபின் இலக்கணமாகக் கொள்வோர் இத்தொகுதியை ஒருமுறை புரட்டிப் பார்த்தல் நன்று.

1900இல் வெளியான 'குழந்தையின் நூற்றாண்டு' நூலால் கெய் உலகப் புகழ் பெற்றார். மழலையர் கல்வி வரலாற்றில் அவர் பெயர் தவறாது இடம்பெறுகிறது. எனினும் அந்நூலில் அவர் மழலையர் பள்ளி என்னும் நிறுவனத்தையே ஏற்கவில்லை. இளங்குழந்தைகள் வீட்டிலேயே கற்க வேண்டும் என்று விரும்பினார். அவர் விரும்பிய எளிமை இல்லத்தின் எளிமையாகும்.

அது நிறுவனத்திற்குள் புகுந்தது வேறொரு வழியில். நெசவாலை நகரமான நோர்ஷோப்பிங்கில் எல்லன், மரியா மோபர்க் சகோதரியர் பிரோபெல் நெறியைத் தழுவி 1904இல் மக்கள் குழந்தைத் தோட்டம் ஒன்றைத் தொடங்கினர். பின்னாளில் இந்தியாவுக்கான சுவீடன் தூதராக விளங்கிய ஆல்வா மிர்டால் 1935இல் 'நகரக் குழந்தைகள்' என்னும் நூலை எழுதினார். கெய் நம்பிய வீடு நகரத் தொழிலாளருக்கு வாய்க்கவில்லை என்பதே அவர் தொடங்குமிடம். நெருக்கமான குடியிருப்பில் குழந்தை ஓடியாட இடமில்லை. தாயும் வேலைக்குச் செல்கிறாள். ஆகவே பயிற்சி பெற்ற ஆசிரியரோடு கூடிய பொதுக் குழந்தையகம் தேவை என்றார். கட்டடக் கலைஞர் ஸ்வென் மார்க்கேலியுஸ் வடிவமைத்து அதே ஆண்டில் ஸ்டாக்ஹோமில் எழுந்த கூட்டுக் குடியிருப்பில் அத்தகைய குழந்தையகம் இடம்பெற்றது. மறு ஆண்டில் ஆசிரியர் பயிற்சிக்கென மிர்டால் ஒரு கல்விநிலையத்தையும் நிறுவினார். அறையின் அலங்காரத்தைவிட அங்குப் பணிபுரிவோரின் பயிற்சிக்கு அவர் தந்த முதன்மை, இன்றைய விற்பனைப் பட்டியல்களில் காணக் கிடைப்பதன்று.

'அமைதி' என்னும் அடைமொழிக்கும் இதே நிலைதான். டென்மார்க்கின் நிலத்தோற்றக் கலைஞர் கார்ல் தியோடோர் சோரென்சன், ஒழுங்குபடுத்திய விளையாட்டுத் திடல்களைவிடக் கட்டுமானப் பணியிடங்களையே குழந்தைகள் நாடுவதைக் கண்டார். ஜெர்மானிய ஆக்கிரமிப்புக் காலத்தில், 1943இல், கோப்பன்ஹேகனின் எம்ட்ருப் குடியிருப்பில் அவர் கருத்தின்படி கழிபொருள் விளையாட்டுத் திடல் திறக்கப்பட்டது. பலகை, செங்கல், ஆணி, சுத்தியல் ஆகியவற்றைக் கொண்டு குழந்தைகள் தாமே குடில்களைக் கட்டினர், இடித்தனர், மீண்டும் கட்டினர். தாம் உருவாக்கியவற்றுள் மிக அழகற்றது அதுவே என்று பின்னர் ஒப்புக்கொண்ட சோரென்சன், தம் படைப்புகளுள் தமக்கு மிகச் சிறந்ததும் அதுவே என்றார்.