தூது சென்ற பாவைகள்

பாவைகளுக்கு ஆடை தைப்பது சிறுமியரின் பொழுதுபோக்கு என்றே நாம் எண்ணுகிறோம். அந்தத் தையல் ஒருமுறை இரு நாடுகளுக்கிடையே தூது சென்றதுண்டு.

1924இல் ஜப்பானியர் குடியேறுவதை அமெரிக்கா சட்டத்தால் தடுத்தது. அதனால் மூண்ட கசப்பு இளையோர் உள்ளத்தில் வேரூன்றலாகாது என்று கருதினார், ஜப்பானில் பல்லாண்டு சமயப் பணி புரிந்த சிட்னி குலிக். அவர் முயற்சியால் 1927இல் 12,000க்கும் மேற்பட்ட பாவைகள் ஜப்பானை அடைந்தன. அமெரிக்கச் சிறுமியரும் அன்னையரும் அவற்றுக்கு ஆடை தைத்து, நட்புக் கடிதங்களுடன் அனுப்பியிருந்தனர்.

ஷிபுசாவா எய்இச்சி என்னும் முதுபெரும் தொழிலதிபர் முன்னின்று உழைக்க, ஜப்பான் அவ்வாண்டே 58 பாவைகளைக் கைம்மாறாக அனுப்பியது. அவை பட்டுக் கிமோனோ அணிந்திருந்தன. கிமோனோவில் வளைந்த வெட்டு அரிது. நீண்ட துணியை நேர்த்துண்டுகளாக்கி இணைப்பர். உடுத்தும்போது இடப்புற மடிப்பு வலப்புறத்தின்மேல் படிய வேண்டும். மாற்றி உடுத்துவது இறந்தோர்க்கு மட்டுமே உரியது. ஆதலின், பாவைக்கு உடுத்தவும் மரபறிவு இன்றியமையாதது.

1941இல் இரு நாடுகளுக்கும் போர் மூண்டது. ஜப்பானிலிருந்த அமெரிக்கப் பாவைகளுட் பல, பகைவரின் சின்னங்கள் எனக் கருதி அழிக்கப்பட்டன. எனினும் ஆசிரியர் சிலர் அவற்றை ஒளித்துவைத்துக் காத்தனர். 300க்கும் மேற்பட்டவை இன்றும் எஞ்சியுள்ளன.

சிறுமியர் தைத்த ஆடைகளால் போரைத் தடுக்க இயலவில்லை. ஆயினும் பகை கொழுந்துவிட்ட நாளிலும் ஒரு பாவையை எரிக்க மனம் ஒப்பாத கைகள் இருந்தன. போர்களைப் படிக்கும் மாணவர்கள் அக்கைகளையும் நினைவில் கொள்வாராக.