அவசரம் எனும் அளவுகோல்: ஒத்திவைப்புத் தீர்மானத்தின் வரலாறும் முல்லைப் பெரியாறும்

முன்னுரை

மன்றத்தின் அன்றைய அலுவலை நிறுத்திவைத்து, நாட்டைப் பாதிக்கும் ஒரு பொருளை உடனே விவாதிக்க வேண்டும் எனக் கோரும் உரிமையே ஒத்திவைப்புத் தீர்மானம் எனப்படுகிறது. குறிப்பான பொருள், அவசரத் தன்மை, பொது முக்கியத்துவம் ஆகிய மூன்றும் அதற்கு வேண்டிய தகுதிகள். இத்தகுதிகள் எங்குப் பிறந்தன, எத்தகைய துயரை அவை அவசரம் என ஏற்கின்றன, எதை விலக்குகின்றன என்பதைக் கம்பம் பள்ளத்தாக்கின் தண்ணீர்ச் சிக்கலைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. 2008ஆம் ஆண்டின் தொகுதி மறுவரையறைக்கு முன்னர் இப்பள்ளத்தாக்கு பெரியகுளம் மக்களவைத் தொகுதியில் அடங்கியிருந்தது. பெரியகுளம் நகர் வராக நதியையும் சோத்துப்பாறை அணையையும் சார்ந்தது. முல்லைப் பெரியாற்றுப் பாசனம் அந்நகருக்கு உரியதன்று. எனினும் அச்சிக்கலை நாடாளுமன்றத்தில் எழுப்பும் பொறுப்பு நெடுங்காலம் பெரியகுளத்தின் பெயர் தாங்கிய தொகுதியிடமே இருந்தது.

அயர்லாந்து உறுப்பினர்களும் 1882ஆம் ஆண்டு விதியும்

பிரித்தானியக் கீழவையில் முன்பு எந்த உறுப்பினரும், 'அவை இப்போது ஒத்திவைக்கப்பட வேண்டும்' என முன்மொழிந்துவிட்டு விரும்பிய பொருளைப் பேச முடிந்தது. 1870களின் பிற்பகுதியில் ஜோசப் பிக்கர், பார்னெல் முதலிய அயர்லாந்து உறுப்பினர்கள் இத்தகைய நெகிழ்வுகளை ஆயுதமாக்கினர். தங்கள் நாட்டுக் குறை கேட்கப்படாதவரை ஏனைய அலுவலும் நடவாது என்பது அவர்தம் உத்தி. அயர்லாந்து அடக்குமுறை மசோதாவை எதிர்த்து 1881 ஜனவரி 31ஆம் நாள் தொடங்கிய அமர்வு 41 மணி நேரம் நீண்டது. பிப்ரவரி 2ஆம் நாள் காலையில் அவைத்தலைவர் பிராண்ட் தம் சொந்த அதிகாரத்தால் விவாதத்தை முடித்துவைத்தார். மறுநாள் அயர்லாந்து உறுப்பினர் 36 பேர் இடைநீக்கம் செய்யப்பட்டனர்.

கிளாட்ஸ்டன் அரசு 1882இல் கொண்டுவந்த நடைமுறைச் சீர்திருத்தங்களுள் ஒத்திவைப்புத் தீர்மானத்துக்கான கட்டுப்பாடும் ஒன்று. குறிப்பானதும் அவசரமானதும் பொது முக்கியத்துவம் உடையதுமான பொருளுக்கே அனுமதி. ஆதரவாக 40 உறுப்பினர் எழுந்து நிற்க வேண்டும். இன்று உறுப்பினர் உரிமை எனப் போற்றப்படும் இவ்விதி, உறுப்பினரின் வாயை அடக்கப் பிறந்தது என்பதை மறத்தலாகாது. விடுதலை பெற்ற அயர்லாந்தின் கீழவையான டாயிலும் இதையொத்த விதியையே ஏற்றது என்பது வரலாற்றின் குறும்பு.

இந்தியாவுக்கு வந்த வழி

1909ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கிய சட்டசபைகளில் வினா எழுப்பலாம், பொதுநலப் பொருளில் தீர்மானம் கொணரலாம். அலுவலை நிறுத்தி விவாதம் கோர வழியில்லை. 1919ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டிய விதிகள்தாம் அவ்வழியைத் திறந்தன. அவ்விதிகள் இன்னொரு தகுதியையும் சேர்த்தன: பொருள் அண்மையில் நிகழ்ந்ததாய் இருத்தல் வேண்டும். அவைத்தலைவர் ஏற்றாலும், பொதுநலனுக்கு ஊறு எனக் கூறி ஆளுநர் தடுக்கலாம்.

இவ்விடத்தில் பெருங்காமநல்லூரை நினைத்தல் தகும். குற்றப் பரம்பரைச் சட்டத்தின்படி கைரேகை பதிய மறுத்த பிரமலைக் கள்ளர் மீது 1920 ஏப்ரல் 3ஆம் நாள் காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. புதிய சென்னைச் சட்டசபை கூடியதோ 1921 ஜனவரியில். விதி முன்னரே இருந்திருப்பினும், துப்பாக்கிச் சூடுதான் 'அண்மை நிகழ்வு' என்ற தகுதியைப் பெற்றிருக்கும்; இரவுதோறும் காவல் நிலையத்தில் ஆளைக் காட்டிப் படுக்க வேண்டிய வாழ்க்கை அத்தகுதியைப் பெற்றிராது. சென்னை மாகாணத்தில் அச்சட்டம் 1947 வரை நீடித்தது. விதி நிகழ்வைக் காண்கிறது, நிலைமையைக் காண்பதில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

விடுதலைக்குப் பின் மாவலங்கர் இத்தீர்மானத்தை மேலும் அரிதாக்கினார். அந்நிய ஆட்சியில் வேறு வழியின்மையால் பயன்பட்ட கருவி, பொறுப்பாட்சியில் விதிவிலக்காகவே இருக்க வேண்டும் என்பது 1950இல் அவர் கொண்ட நிலை. அந்த இடைவெளியை நிரப்ப 1954இல் உருவானதே கவன ஈர்ப்பு அறிவிப்பு. அது இந்திய நாடாளுமன்றத்தின் சொந்தப் படைப்பு. அரசுக்குக் கண்டனம் என்ற சாயல் அதற்கு இல்லை. 1960களில் எந்த விதியிலும் எழுதப்படாத 'நேரமில்லா நேரம்' வேரூன்றியது.

முல்லைப் பெரியாறு

1886 அக்டோபர் 29ஆம் நாள் திருவிதாங்கூரோடு 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. பென்னிகுவிக் கட்டிய அணை 1895இல் திறக்கப்பட்டது. 152 அடி வரை தேக்கிய நீர், 1979இல் அணையின் பாதுகாப்புப் பற்றி எழுந்த அச்சத்தால் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. வலுப்படுத்தும் பணிக்காகச் செய்த தற்காலிகக் குறைப்பு அது. தற்காலிகம் 35 ஆண்டு நீண்டது.

அந்த 35 ஆண்டில் அவசரம் எந்த நாளில் நிகழ்ந்தது? இருபோகம் ஒருபோகமாவதும், கடைமடைக்கு நீர் எட்டாமற் போவதும் ஒரு நாளில் நிகழ்வன அல்ல. அண்மை நிகழ்வு என்ற தகுதியில் அவை தோற்கும். சிக்கல் உச்சநீதிமன்றம் சென்றபின் மற்றொரு தடை எழுந்தது: நீதிமன்ற விசாரணையிலுள்ள பொருளின்மீது ஒத்திவைப்புத் தீர்மானம் கூடாது. 142 அடிக்கு உயர்த்தலாம் என 2006 பிப்ரவரி 27ஆம் நாள் தீர்ப்பு வந்தது. அடுத்த மாதமே கேரளம் தன் நீர்ப்பாசனச் சட்டத்தைத் திருத்தி 136 அடியை நிலைநிறுத்தியது. அத்திருத்தம் அண்மை நிகழ்வுதான். ஆயின் மாநிலச் சட்டமன்றத்தின் செயல், நடுவண் அரசின் பொறுப்பன்று. தமிழகமும் அதை எதிர்த்து வழக்குத் தொடுத்துவிட்டது. ஒவ்வொரு தடையும் தனித்தனியே நியாயமானதே. நீதிமன்றத்தில் உள்ளதை அவை முன்கூட்டித் தீர்ப்பது முறையன்று என்ற வாதத்தை எளிதில் ஒதுக்க இயலாது. ஆனால் எல்லாம் ஒருங்கு சேரும்போது, ஐந்து மாவட்டங்களின் பாசனம் அவசரம் எனும் சொல்லுக்கு வெளியே நின்றுவிடுகிறது.

2011 இறுதியில் சிக்கல் தெருவுக்கு வந்தது. கேரளச் சட்டமன்றம் டிசம்பர் 9ஆம் நாள் புதிய அணை கோரித் தீர்மானம் இயற்றியது. கம்பம், கூடலூர்ப் பகுதி மக்கள் ஆயிரக்கணக்கில் குமுளி எல்லை நோக்கி நடந்தனர். டிசம்பர் 15ஆம் நாள் தமிழ்நாடு சட்டமன்றம் சிறப்பு அமர்வு கூட்டி ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. அலுவலை ஒத்திவைக்கும் வழியன்று, அலுவலே அதுவாக அவையைக் கூட்டும் வழி அங்குக் கையாளப்பட்டது. இவ்வழி அரசின் கையில் உள்ளது. எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் தனித்துத் திறக்கக்கூடிய கதவு அன்று. விதி 110இன் கீழ் அமைச்சர் படிக்கும் அறிக்கையும் அத்தகையதே: பொது முக்கியத்துவம் உண்டு, விவாதம் இல்லை. 2014 மே 7ஆம் நாள் உச்சநீதிமன்றம் கேரளச் சட்டத்திருத்தத்தைச் செல்லாதென அறிவித்தது. அவ்வாண்டு நவம்பரில் நீர் 142 அடியைத் தொட்டது.

மறுக்கப்பட்ட அறிவிப்புகள்

வரலாற்றாய்வாளர்க்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. டாயிலில் ஒத்திவைப்புக் கோரும் உறுப்பினர் தம் அறிவிப்பின் வாசகத்தை அவையில் எழுந்து படிப்பது நெடுங்கால வழக்கம். அவைத்தலைவர் பெரும்பாலும் மறுத்துவிடுவார். மறுக்கப்பட்ட வாசகமோ அவைக்குறிப்பில் ஏறிவிடும். ஊர் மருத்துவமனையோ ஆலையோ மூடப்படும் செய்தி அவ்வாறே பதிவாகிறது. நம் மக்களவையில் அறிவிப்பு தந்தோர் பெயரைச் சொல்லி, பொருள் முக்கியமாயினும் அலுவலை நிறுத்தத் தக்கதன்று என அவைத்தலைவர் கூறுவதோடு பெரும்பாலும் முடிகிறது. வாசகம் பதிவாவதில்லை. ஆகவே கம்பம் பள்ளத்தாக்கின் தண்ணீரை 'அவசரம்' ஆக்க முயன்றவர்களின் சொற்களை அவைக்குறிப்பில் மட்டும் தேடுவோர் பெயர்ப் பட்டியலையே காண்பர். நாளிதழ்களின் நாடாளுமன்றப் பக்கங்களையும், பாசன விவசாயிகளின் கோரிக்கை மனுக்களையும், வழக்கு ஆவணங்களையும் அக்குறிப்போடு ஒப்பவைத்துப் படித்தாலன்றி அச்சொற்கள் கிட்டா.