கதையும் சான்றும்: அமெரிக்க வரலாற்றைச் சொன்ன மக்கள் நூல்களின் வளர்ச்சி

முன்னுரை

ஒரு நாட்டின் வரலாற்றைக் குடிமக்களில் பெரும்பாலோர் ஆய்வேடுகளைப் படித்து அறிவதில்லை. கதையாகவும் கட்டுரையாகவும் எழுதப்பட்ட எளிய நூல்களே அவர்களுக்கு அதைக் கொண்டுசேர்க்கின்றன. அமெரிக்காவில் அத்தகைய நூல்கள் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக வந்துகொண்டிருக்கின்றன. அவற்றில் கதைக்கும் சான்றுக்கும் உள்ள உறவு எவ்வாறு மாறிவந்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சான்றின் இடத்தில் கதை

ஜார்ஜ் வாஷிங்டன் 1799 டிசம்பர் 14 அன்று மறைந்தார். அடுத்த ஆண்டே மேசன் லாக் வீம்ஸ் அவரது வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார். பாதிரியாரான வீம்ஸ், பிலடெல்பியா பதிப்பாளர் மாத்யூ கேரியின் நூல்களை ஊர் ஊராகச் சென்று விற்றவர். எளிய குடும்பங்கள் எதை விரும்பி வாங்கும் என்பதை அவர் நேரில் அறிந்திருந்தார். 1806இல் வந்த ஐந்தாம் பதிப்பில் செர்ரி மரக் கதையைச் சேர்த்தார். ஆறு வயதுச் சிறுவன் தந்தையின் மரத்தைக் கைக்கோடரியால் வெட்டிவிட்டு, பொய் சொல்ல மனமின்றி உண்மையை ஒப்புக்கொள்கிறான். இதற்கு ஆவணச் சான்று எதுவும் இல்லை. பெயர் குறிப்பிடாத ஒரு மூதாட்டி சொன்னதாக மட்டுமே வீம்ஸ் எழுதுகிறார்.

ஆயினும் மக்கஃபி பாடநூல்கள் வழியாக அக்கதை பள்ளிகளுக்குள் சென்றது. வீம்ஸ் நூலின் வீச்சுக்கு ஆபிரகாம் லிங்கனே சாட்சி. 1861 பிப்ரவரி 21 அன்று நியூ ஜெர்சி செனட்டில் பேசியபோது, சிறுவயதில் அந்நூலைப் படித்ததையும் அதிலிருந்த, வாஷிங்டன் நடத்திய டிரென்டன் போரின் காட்சிகள் மனத்தில் பதிந்ததையும் அவர் நினைவுகூர்ந்தார்.

கதையும் கட்டுரையும் அருகருகே

வாஷிங்டன் இர்விங்கின் ‘ஸ்கெட்ச் புக்’ 1819–20இல் நியூயார்க்கில் ஏழு பகுதிகளாக வெளிவந்தது. அதில் இடம்பெற்ற ‘ரிப் வான் விங்கிள்’ கதையின் கரு ஜெர்மானிய நாட்டுப்புறக் கதையைச் சார்ந்தது. இருபது ஆண்டுகள் தூங்கி எழும் ரிப், சத்திரத்துப் பலகையில் மன்னர் ஜார்ஜின் உருவம் ஜெனரல் வாஷிங்டனாக மாற்றி வரையப்பட்டிருப்பதைக் காண்கிறான். அவன் தூங்கியபோது நடந்து முடிந்த அமெரிக்கப் புரட்சி சாதாரண மனிதனின் கண்ணில் எப்படிப் பட்டது என்பதை அந்தப் பலகை சொல்லிவிடுகிறது. இதை வரலாறு என்று இர்விங் வாசகரை நம்பவைக்க முயலவில்லை. டீட்ரிக் நிக்கர்பாக்கர் என்ற கற்பனை ஆய்வாளரை நிறுத்தி, கதை உண்மையென்று அவரே உறுதிமொழி தருவதாக எழுதி, இது புனைவு என்பதை உணர்த்திவிடுகிறார்.

அதே நூலின் லண்டன் பதிப்பில், பூர்வகுடிகளைப் பற்றி அவர் 1814இல் இதழொன்றில் எழுதிய இரு கட்டுரைகள் சேர்ந்தன. அவற்றில் ஒன்று, 1675–76 போரில் நியூ இங்கிலாந்துக் குடியேறிகளை எதிர்த்த மெட்டாகோமெட் என்ற தலைவரைப் பரிவுடன் பேசுகிறது.

டு பாய்ஸ் வகுத்த முறை

1903இல் கறுப்பின அறிஞர் டபிள்யூ. ஈ. பி. டு பாய்ஸ் ‘கறுப்பின மக்களின் ஆன்மாக்கள்’ நூலை வெளியிட்டார். பதினான்கு இயல்கள், பல முன்பே இதழ்களில் வந்தவை. விடுதலை பெற்ற அடிமைகளுக்காக அரசு 1865இல் அமைத்த துறையின் செயல்பாட்டை ஓர் இயல் வரலாற்றாசிரியருக்குரிய கண்டிப்புடன் ஆராய்கிறது. பதின்மூன்றாம் இயல் முழுக்கச் சிறுகதை. படித்துவிட்டு ஜார்ஜியாவுக்குத் திரும்பும் ஜான் என்ற கறுப்பின இளைஞனின் அழிவை அது சொல்கிறது. ஆவணம் பேசக்கூடிய இடத்தில் கட்டுரை, ஆவணத்துக்கு எட்டாத மன வேதனைக்குக் கதை என்று டு பாய்ஸ் வேலையைப் பிரித்துக்கொண்டார். இவ்வகை நூல்களின் வளர்ச்சியில் இதுவே மிக முக்கியமான திருப்பம்.

இருபதாம் நூற்றாண்டு

ஃபிரெடரிக் லூயிஸ் ஆலன் 1931இல் எழுதிய ‘ஒன்லி யெஸ்டர்டே’, உடை, வானொலி, பங்குச் சந்தை ஆகியவற்றின் வழியே 1920களின் வரலாற்றைச் சொன்னது. 1954இல் புரூஸ் கேட்டன் ஆசிரியராக இருக்க, ‘அமெரிக்கன் ஹெரிடேஜ்’ இதழ் விளம்பரமின்றிக் கெட்டி அட்டையில் வரத் தொடங்கியது. நூலகரான டீ பிரவுன் 1970இல் எழுதிய ‘பரி மை ஹார்ட் அட் வூண்டட் நீ’, பேச்சுவார்த்தைப் பதிவுகளிலிருந்து பூர்வகுடித் தலைவர்களின் சொற்களையே எடுத்து 1860–1890 காலத்தை எழுதிக்காட்டியது. ஹோவர்ட் ஜின்னின் ‘மக்கள் வரலாறு’ 1980இல் வெளிவந்து இருபது லட்சம் படிகளுக்கு மேல் விற்றது. அது ஒருதலைப்பட்சமானது என்ற விமர்சனமும், அடிக்குறிப்புகள் இல்லையே என்ற விமர்சனமும் எழுந்தன. மக்களுக்கான நூலும் சான்று காட்ட வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அதற்குள் உருவாகிவிட்டது என்பதற்கு அவ்விமர்சனங்களே அடையாளம்.

முடிவுரை

மக்கள் நூல்களில் கதை ஒருபோதும் மறையவில்லை. அதைச் சொல்பவரின் பொறுப்புதான் கூடியது. வீம்ஸின் கதையைச் சான்றில்லை என்று அறிஞர்கள் ஒதுக்கிய பின்னும் அது மக்கள் நினைவில் வாழ்கிறது. எளிய நூலில் நேரும் பிழை ஆய்வேட்டின் பிழையைவிட நெடுநாள் நிலைக்கும் என்பதையே இது காட்டுகிறது. ஆகவே பொதுவாசகருக்கு வரலாறு எழுதுவோர் டு பாய்ஸின் முறையைக் கைக்கொள்ள வேண்டும். கதையைக் கதையென்றும் சான்றைச் சான்றென்றும் வாசகருக்குத் தெரியும்படி எழுதுவதே அவர்களின் முதற்கடமை.